முதல் பந்துக்கு முன்

சிம்பாங் ரெங்கத்தில் இமிகிரேஷன் கிடையாது. கடக்கப் பாலம் கிடையாது, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிற ஆளும் கிடையாது. இதை என் வீட்டுக்காரருக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. அன்று சனிக்கிழமை. அங்கே அவருடைய கோல்ஃப் ஆட்டம் எட்டரை மணிக்குத்தான். நான் கண்விழித்து வந்தபோது மனுஷர் ஹாலில் முழு உடுப்பும் தொப்பியும் போட்டு, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஷூ மட்டும் காலடியில் கிடந்தது. லேஸ் கட்ட நான் வேண்டும்.

"கெளம்பலாமா?" என்றார்.

"இன்னும் விடியவே இல்லைங்க. அங்க கேட்ட தொறக்க ஆளு வரணும்ல?"

"ஜாம் இருந்தா?"

"எங்க ஜாம்? நாம என்ன சிங்கப்பூருக்கா போறோம்?"

காலை நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து லேஸ் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் அந்தக் கால் மூன்று தடவை ஆடிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு ஷூவையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்.

அவர் பெயர் சதாசிவம். கோத்தா திங்கிப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, ஸ்கூடாயில் வீடு வாங்கி, இருபத்தேழு வருஷம் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வந்தவர். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட்டால் போதும், அன்றைய ஷிப்டு போச்சு. அந்தப் பயத்தில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கிளம்பி, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து, உடம்பே அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே இலையில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டுப் போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் எல்லோரும் தெளிவாக இருப்போம், அவர் மட்டும் அசைந்து கலங்கலாக விழுந்திருப்பார். எந்நேரமும் காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்ட மாதிரி நிற்கிற மனுஷர்.

அப்படிப்பட்டவர் கோல்ஃப் பிடித்ததுதான் வேடிக்கை. ஃபேக்டரியில் இருந்த ஜப்பான்காரப் பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய மட்டைகளைப் பையோடு இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிளில் அந்தப் பையை முதுகில் கட்டிக்கொண்டு இவர் பாலம் தாண்டி வந்த கோலத்தைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்கமாட்டீங்க, உங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன். "அடிச்சவுடனே நடக்கலாம் லெட்சுமி. நின்ன எடத்துலயே நிக்க வேணாம்" என்றார். ஆட்டத்தை நிஜமாகவே அப்படித்தான் ஆடினார். அடிப்பார், பந்து விழுவதற்குள் நடந்துகொண்டிருப்பார்.

விளையாடுவது சிம்பாங் ரெங்கம் டோல் தாண்டி, எஸ்டேட்டுக்குள் இருக்கிற ஒன்பது குழி மைதானம். அந்தக் காலத்துத் துரைமார் போட்டது. சுற்றிலும் செம்பனை, பந்து கொஞ்சம் கோணிப் போனாலும் ஓலைக்குள் போய்விடும். நாலு பேர் சேர்ந்து ஆடினால் அது ஒரு ஃப்ளைட். இவருடைய ஃப்ளைட்டில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூர்த்தி, பத்து பாகாட் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற தோமஸ், பள்ளிக்கூட வாத்தியார் ஜெயபாலன், அப்புறம் இவர். பல வருஷத்துச் சேர்க்கை.

அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் யாரும் கைகாலை நீட்டி மடக்கிப் பழகக் கூடாது. கேண்டீனில் ரொட்டி சானாய், தே தாரிக் டீ, அதோடு நேரே முதல் குழிக்குப் போய்விட வேண்டும். முதல் பந்து கோணலாகப் போனால் கணக்கில் இல்லை, இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். அந்த முதல் பந்துதான் அவர்களுடைய வார்ம் அப். யாராவது முன்கூட்டியே வந்து இடுப்பைத் திருப்பினால், 'கான்சியோங்' என்று அன்று முழுக்க ஓட்டியே கொன்றுவிடுவார்கள். பதறுகிறவனுக்கு இங்கே அதுதான் பட்டம். இன்னொரு வழக்கமும் உண்டு: முதலில் அடிப்பது எப்போதும் சதாசிவம்தான். சீட்டுப் போட்டெல்லாம் முடிவு செய்வதில்லை. அவரைக் காக்க வைத்தால் மற்றவர்களால் நிம்மதியாக நிற்க முடியாது, அதனால்தான்.

போன வருஷம் ஒரு காலையில் பெட்ரோல் ஸ்டேஷனில் கார்ச் சாவி அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரோக். வலது பக்கம் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரி, பிசியோ, மாத்திரை என்று ஒரு வருஷம் ஓடியது. கால் முக்கால்வாசி திரும்பியது. கையும் திரும்பியது, ஆனால் பாதிதான். விரல்களை மடக்கி மட்டையின் மேல் வைத்துவிட்டால் பிடி நிற்கும். மிளகாய், மாத்திரை, பொத்தான் மாதிரிச் சின்னச் சாமான் எதையும் எடுக்க முடியாது. அந்தக் கையை ஊன்றி எடையைத் தாங்கினால் மணிக்கட்டு மடங்கிவிடும். துணி மாட்டுகிற கிளிப்பைக் கொடுத்துக் கவ்வப் பழகு என்றாள் பிசியோ பெண். என் வீட்டில் திரைச்சீலை, காலண்டர், நாளிதழ் என்று கிளிப் இல்லாத இடமே இல்லாமல் போனது.

இதில் ஒரு வார்த்தைகூட அந்த மூன்று பேருக்கும் தெரியாது. காலில் நரம்புக்கு ஆபரேஷன் என்று புளுகிவிட்டார். பார்க்க வருகிறோம் என்று மூர்த்தி போன் பண்ணும்போதெல்லாம் மலர் வீட்டுக்கு, அதாவது எங்கள் மகள் வீட்டுக்குப் போகிறோம் என்று சாக்கு. எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்று காலை காரில் ஏறியதும் அதையே மறுபடியும் ஆரம்பித்தார். ஓட்டியது நான், பையைப் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"அவங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாது. என்னை எறக்கி விட்டுட்டு மலர் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு."

"சரி."

"இன்னிக்கு என்னால முடியலன்னா இந்த மட்டை செட்ட யாருக்காச்சும் குடுத்துரு. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன். நொண்டியைப் பாக்குற மாதிரி அவனுங்க என்னைப் பாக்கக் கூடாது."

வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. சிகரெட்டை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார், தம்பியோடு பேச்சையும் அப்படித்தான் விட்டார். அவர் விளையாட வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் ஆசை. ஒரு வருஷமாக என் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து உயிரை வாங்கிவிட்டார். அரிசி டின் எங்கே, சீனி எங்கே, இது ஏன் இங்கே என்று மாற்றி மாற்றி வைத்து, என் சமையலறையில் எனக்கே வழி தெரியாமல் பண்ணிவிட்டார். இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயந்திரமானால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிளை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருக்கிற நேப்பாளி ஜாகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்துவிட்டான். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வலை கட்டிய புல்தரை ஒன்று உண்டு. பழகுகிறவர்கள் அங்கே நின்று வலைக்குள் அடிக்கலாம். ஃப்ளைட்காரர்கள் வருவதற்குள் கொஞ்சம் அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி போய் ரொட்டி சானாய் சாப்பிட வேண்டும் என்பது இவர் திட்டம். கான்சியோங் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.

எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்கூடாயில் பந்தடித்துப் பழகுகிற டிரைவிங் ரேஞ்ச் ஒன்றுக்கு இரண்டு மாதமாக என்னை ஓட்டச் சொல்லிப் போய்ப் பழகினார். குழியில் விழுந்த பந்தைக் குனிந்து எடுக்க முடியாது என்பதால், மட்டையின் பிடியில் மாட்டுகிற ரப்பர் கிண்ணம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அமுக்கினால் பந்து ஒட்டிக்கொண்டு வரும். கையுறை மாட்டுவது நான், காரிலேயே மாட்டிவிட்டேன். ஒரு ஓட்டை இல்லை என்றுதான் இருவரும் நினைத்தோம்.

நான் காரில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பைத் திருப்பினார், தோளைச் சுற்றினார், காற்றில் பத்துப் பதினைந்து தடவை வீசினார். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. சின்ன மட்டையில் சில பந்துகள் அடித்தார், நன்றாகவே போயின. முகம் தெளிந்தது. அப்புறம் டிரைவர் என்கிற பெரிய மட்டையை எடுத்தார். அதற்குப் பந்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்க ஒரு மரக்குச்சியைப் புல்லில் குத்த வேண்டும். அவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், எனக்குக் குச்சிதான்.

குச்சியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. ரேஞ்சில் ரப்பர் பாயிலேயே ரப்பர் குழாய் பதித்திருக்கும். பந்தை மட்டையாலேயே உருட்டி ஏற்றிவிடுவார், குனிகிற வேலையே இல்லை. இங்கே குனிய வேண்டும். குனிந்தால் விழாமலிருக்க இடக்கையால் மட்டையை ஊன்றிப் பிடிக்க வேண்டும். அப்புறம் குச்சியைக் குத்த வலக்கைதான் மிச்சம். அந்தக் கைக்குக் குச்சி நிற்காது. கையை மாற்றி ஊன்றினால் மணிக்கட்டு மடங்கும். இரண்டு மாதம் பழகிய மனுஷர் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை, ரேஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன்.

அவர் முயன்றார். இரண்டாம் தடவை முழங்கால் தரையில் இடித்தது. நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன்.

"வராத. நான் பாத்துக்குறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க?" குச்சியைப் பிடுங்கி, குந்தி உட்கார்ந்து குத்தி, பந்தை வைத்தேன். "அடிங்க."

அடித்தார். வலை அதிர்ந்தது. அடியில் குறையே இல்லை. "இன்னொன்னு," என்றார். வைத்தேன். "இன்னொன்னு." என் முட்டியும் இருபது வயசு முட்டி இல்லை. வைத்தேன், எழுந்தேன், வைத்தேன், எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்து மேல் பந்தாக அடித்துத் தள்ளினார், வேகமாக அடித்தால் கை தானாகச் சரியாகிவிடும் என்கிற மாதிரி. வர வர அடி தேயத் தொடங்கியது.

"போதும்ங்க. ஆட்டத்துக்கு முன்னாடியே கை ஓஞ்சு போயிரும்."

"சும்மா இரு."

"தரையில பந்தப் போட்டு சின்ன மட்டையிலயே அடிங்களேன். அதுக்குக் குச்சி வேணாமே."

"மொத குழிக்கு முன்னாடி குளம். சின்னதுல அடிச்சா தாண்டாது." நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார். "நானே வச்சு அடிக்க முடியலன்னா வீட்டுக்குப் போயிரலாம் லெட்சுமி."

"அவங்கள்ல ஒருத்தர வைக்கச் சொல்லலாம்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூர்த்தியின் பழைய வீரா கார் கேட்டுக்குள் நுழைந்தது.

மூர்த்தியும் தோமஸும் ஜெயபாலனும் ஒரே காரில் வந்திருந்தார்கள். வலைக்கு முன்னால் வியர்த்து நிற்கிறவரைப் பார்த்ததும் மூர்த்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அலமாக், என்னப்பா சதா இது? ஒரு வருஷம் கழிச்சு வந்து கான்சியோங் ஆயிட்டியே."

"அண்ணியும் வந்திருக்காங்க," என்றார் தோமஸ். "கோச்சா அண்ணி நீங்க?"

"மலர் வீட்டுக்குப் போறா. வழியில எறக்கி விட்டா," என்று இவர் முந்திக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே காரைக் காட்டினார். நான் அசையவில்லை.

"ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போறேன்," என்றேன்.

கேண்டீன் நடத்துகிற மலாய்க்கார மாக்சிக் ரொட்டி சானாய் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் பேசிச் சிரித்துத் தின்றார்கள். இவர் மட்டும் உட்காரவே இல்லை. பையைச் சரி பண்ணப் போனார், கழிவறைக்குப் போனார், மறுபடியும் பையிடம் போனார். தின்னக் கை வேண்டுமே, அதனால்தான். "அவனுக்கு எப்பவும் இதே கதைதான்," என்று ஜெயபாலன் ரொட்டியைப் பிய்த்தார். என் வாய்வரைக்கும் வந்தது. இத்தனை வருஷம் கூட ஆடியிருக்கிறீர்களே, ஒருத்தர் கண்ணுக்காவது தெரியவில்லையா என்று கேட்க நினைத்தேன். தே தாரிக்கைக் குடித்து அதையும் விழுங்கிவிட்டேன். சூடு தொண்டையைச் சுட்டது.

கேண்டீனிலிருந்து பார்த்தால் முதல் குழிக்கு அடிக்கிற மேடு நன்றாகத் தெரியும். நாலு பேரும் மேட்டில் ஏறினார்கள். பின்னால் இன்னொரு ஃப்ளைட் காத்திருந்தது. மூர்த்தி வழக்கம்போல் கையை நீட்டி, "அடி சதா, எங்கள நிம்மதியா நிக்க விடு," என்றார்.

"நீங்க மொதல்ல அடிங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

மூர்த்தி கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். சதாசிவம் இன்னொருவருக்கு வழிவிடுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மூர்த்தி அடித்தார், ஜெயபாலன் அடித்தார், தோமஸ் அடித்தார். தன் குச்சியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோமஸ் ஒதுங்கினார்.

இப்போது இவர் முறை. மேட்டின் நடுவில் போய் நின்றார். பாக்கெட்டைத் தடவினார். தொப்பியைச் சரி பண்ணினார். பிறகு காற்றில் மட்டையை வீசத் தொடங்கினார். ஒன்று, இன்னொன்று, மறுபடியும் ஒன்று. பழகுகிற மாதிரி வீசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் குனிய வேண்டும். பின்னால் காத்திருந்தவர்களில் ஒருத்தர் மணி பார்த்தார். "என்னப்பா, இன்னுமா வார்ம் அப்?" என்றார் ஜெயபாலன், இந்தத் தடவை சிரிக்காமல். வீச்சு வர வரச் சிறுத்துக்கொண்டே போவது எனக்குக் கேண்டீனிலிருந்தே தெரிந்தது. இன்னும் ரெண்டு வீச்சு, அப்புறம் 'கால் வலிக்குது, நீங்க ஆடுங்க' என்று சொல்லப் போகிறார். பையைத் தூக்கப் போகிறார். வாசல் கம்பி எனக்குக் கண் முன்னால் தெரிந்தது.

சத்தியமாவது ஒன்றாவது. எழுந்தேன். சிலிப்பரோடு அந்த மேட்டில் ஏறக் கூடாதாம், போர்டு வைத்திருக்கிறார்கள். ஏறினேன். அவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக் குச்சியையும் பந்தையும் எடுத்தேன்.

"லெட்சுமி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் குந்தி உட்கார்ந்து குச்சியைக் குத்தினேன், பந்தை வைத்தேன். எழுந்து அந்த மூன்று பேரையும் பார்த்தேன்.

"இவருக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக். நரம்பு ஆபரேஷன்லாம் ஒண்ணும் இல்ல. அடிக்க வரும், நடக்க வரும், குனிஞ்சு இத வைக்க மட்டும் வராது. ஒவ்வொரு குழிக்கும் என்னால கூட வர முடியாது, என் முட்டி போயிரும். உங்கள்ல யாராச்சும் வைங்க."

தோமஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. "தொப்பியப் போடுங்கண்ணே. ஆளு உயிரோடதான் நிக்கிறாரு," என்றேன்.

என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் மேல் இருந்த கோபம் முழுவதையும் அந்தப் பந்தின் மேல் காட்டி ஓங்கி அடித்தார். பந்து தாழ்வாகப் போய்க் குளத்தின் நடுவில் விழுந்தது. குச்சி எங்கோ பறந்துபோனது.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் பைப் பக்கம் திரும்பினார்.

"எங்க போற?" என்றார் மூர்த்தி. "மொத பந்து கணக்குல இல்லையே."

பதிலுக்குக் காத்திராமல் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்துக்கொண்டு மூர்த்தி மேட்டின் நடுவுக்கு வந்தார். அவருக்குத் தொப்பை, குனிவது சுலபமில்லை. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மூச்சு வாங்கக் குனிந்து, பறந்துபோன குச்சியைப் புல்லில் தேடினார். கிடைக்கவில்லை. அப்படியே குனிந்தபடி இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடினார். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஜெயபாலன் திரும்பி ஒரு வாத்தியார் பார்வை பார்த்ததும் அடங்கினார்கள்.

அவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் நின்றார். மட்டையை இடக்கையில் ஊன்றிக்கொண்டு, கால் மாற்றாமல், தொப்பியைத் தொடாமல், மூர்த்தியின் வளைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் போட்டோ எடுத்திருந்தால் முகம் தெளிவாக விழுந்திருக்கும்.

குச்சி கிடைத்தது. மூர்த்தி அதைக் குத்திப் பந்தை வைத்துவிட்டு, முழுக்க நிமிராமலே தலையைத் திருப்பினார்.

"ஒசரம் போதுமா சதா?"

அவர் பந்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் எறக்கு," என்றார்.

மூர்த்தி முனகிக்கொண்டே மறுபடியும் குனிந்தார்.